டிப்பர் டயருக்கு எத்தனை பவுண்டு காற்று? தார்ச்சாலைக்கு ஒன்று, ஏரிக்கு ஒன்று

பஞ்சர் கடையில் வண்டியை நிறுத்தியதும் முதலில் வரும் கேள்வி, "அண்ணா, எத்தனை வைக்கட்டுங்க?" என்பதுதான். பெரும்பாலான ஓட்டுநர்கள் யோசிக்காமல் ஒரு எண்ணைச் சொல்வார்கள். 120. லோடு கூடுதல் என்றால் 130, சில பேர் 140. பத்து டயருக்கும் அதே எண்தான். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது என் வண்டியில் முன்னால் ஒரு எண், பின்னால் வேறு எண். ஏரி வண்டல் அடிக்கும் மாதங்களில் இரண்டுமே வேறு. இந்த முடிவுக்கு வருவதற்குள் சில டயர்களை இழந்தேன். அதனால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

வண்டி, 2018-க்கு முந்திய பத்துச் சக்கர டிப்பர். டயர் 10.00 ஆர் 20, 16 பிளை (டயரின் பலத்தைக் குறிக்கும் எண்) ரேடியல், டியூப் போட்டது. வருடத்தில் பாதிக்கு மேல் கிரஷரில் இருந்து ஜல்லியும் எம்-சாண்டும். குவாரிப் பாதையில் இரண்டு கிலோமீட்டர், அப்புறம் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் நாமக்கல் பக்கமோ கரூர் பக்கமோ நாற்பது ஐம்பது கிலோமீட்டர். கோடையில் ஏரிகளில் தண்ணீர் வற்றியதும் விவசாயிகளுக்கு வண்டல் மண் எடுத்துப்போடும் வேலை. அதில் தார்ச்சாலை என்பதே இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். மழைக்காலத்தில் வீட்டுமனை சைட்டுகளில் கிராவல். ஆக, ஒரே வண்டி மூன்று விதத் தரையில் ஓடுகிறது.

முதலில் டயரின் பக்கவாட்டைப் படிக்க வேண்டும்

என் டயரின் பக்கவாட்டில் 146/143 என்று பொறித்திருக்கிறது. 146 என்றால் ஒற்றையாக ஓடும்போது ஒரு டயர் 3,000 கிலோ தாங்கும். 143 என்றால் இரட்டையாக ஓடும்போது ஒவ்வொன்றும் 2,725 கிலோ. இரட்டைக்கு ஏன் குறைவு என்றால், இரண்டு டயரும் எப்போதும் சரிசமமாகச் சுமை வாங்குவதில்லை. சாலை நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருக்கும், ஒன்று கொஞ்சம் தேய்ந்திருக்கும். இந்தத் தாங்குதிறன் முழுவதும் கிடைப்பது டயர் குளிர்ந்திருக்கும்போது சுமார் 120 பவுண்டு காற்று இருந்தால்தான். பவுண்டு என்று நாம் சொல்வது சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம் என்பதை.

காற்று குறைந்தால் தாங்குதிறன் குறையும். நேர்விகிதத்தில் குறையாது, கொஞ்சம் மெதுவாகக் குறையும். 20 சதவீதம் காற்று குறைந்தால் ஏறத்தாழ 16 சதவீதம் தாங்குதிறன் போய்விடும். இந்த ஒரு கணக்கு கையில் இருந்தால் போதும்.

என் வண்டிக்குப் பதிவுப்படி மொத்தம் 25 டன். முன் ஆக்சிலுக்கு, அதாவது முன் சக்கர அச்சுக்கு 6 டன், பின்னால் இரட்டை ஆக்சிலுக்கு 19 டன். முன்னால் இரண்டே டயர். ஆளுக்கு 3,000 கிலோ, அதாவது டயரின் கடைசி எல்லை. அங்கே 120-க்கு ஒரு பவுண்டு கூடக் குறைக்க வழியில்லை. பின்னால் எட்டு டயர். 19 டன்னை எட்டால் வகுத்தால் 2,375 கிலோ. அதற்கு 101 பவுண்டு போதும். மேடுபள்ளத்துக்கும், ஒரு பக்கம் சாய்ந்து ஏற்றும் லோடுக்கும் கொஞ்சம் சேர்த்து 105 வைக்கலாம்.

நம் பக்கத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு. "பின்னாடிதானே லோடு இருக்கு" என்று பின் டயருக்கு 130 வைத்துவிட்டு, ஸ்டியரிங் லேசாக இருக்க வேண்டும், குலுக்கல் குறைய வேண்டும் என்று முன்னால் 100, 105-இல் விட்டுவிடுகிறார்கள். ஒரு முறை கிரஷர் எடை மேடையில் முன் சக்கரத்தை மட்டும் ஏற்றி நிறுத்திப் பார்த்தேன். 5 டன் 900 கிலோ காட்டியது. அந்த மேடைமேல் நின்றுகொண்டு முன் டயர்களைப் பார்த்தபோதுதான், வண்டியிலேயே அதிகம் சுமப்பவை இந்த இரண்டும்தான் என்று புரிந்தது. முன் டயர் வெடித்தால் பக்கத்தில் தாங்கிக்கொள்ள இன்னொரு டயரும் இல்லை.

2018 ஜூலையில் மத்திய அரசு ஆக்சில் எடை வரம்பை உயர்த்தியது. முன் ஆக்சில் 7 டன், பின் இரட்டை ஆக்சில் 21 டன் என்று ஆனது. 7 டன்னை இரண்டால் வகுத்தால் 3,500. 146 குறியுள்ள டயர் அதைத் தாங்காது. எத்தனை பவுண்டு அடைத்தாலும் தாங்காது. அதற்கு 152 குறி வேண்டும், அது 3,550 கிலோ. பழைய வண்டியில் பழைய டயரை வைத்துக்கொண்டு "140 வச்சா தாங்கும்" என்று சொல்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். 120-க்கு மேல் அடைக்கும் காற்று டயரின் பலத்தைக் கூட்டாது. உள்ளே இருக்கும் கம்பியையும் டியூபையும் ரிம்மையும்தான் கூடுதலாக இழுத்துப் பிடிக்கிறது.

எல்லாவற்றுக்கும் ஒரே எண்

இனி வழிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். முதல் வழி, பத்துக்கும் 120. இதில் பாதுகாப்புக் குறை எதுவும் இல்லை. ஓட்டுநர் மாறினாலும், எந்த ஊர்ப் பஞ்சர் கடைக்குப் போனாலும் குழப்பம் வராது. லோடோடு போகும்போது பின் டயர் தேவைக்குக் கொஞ்சம் மேலே நிற்கும், அவ்வளவுதான். ஆனால் டிப்பர் பாதி நேரம் எம்ட்டியாகத் திரும்புகிறது. அப்போது பின் டயர் ஒவ்வொன்றின் மேலும் இருப்பது 700, 800 கிலோ. அந்தச் சுமைக்கு 120 பவுண்டு கல் மாதிரி. டயரின் நடுப்பகுதி மட்டும் சாலையில் படுகிறது, நடுவில் சீக்கிரம் தேய்கிறது. ஈரச் சாலையில் எம்ட்டி டிப்பர் பிரேக் பிடித்ததும் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது வழி, "ரோட்டுக்கும் மண்ணுக்கும் நடுவில்" என்று பத்துக்கும் 100. கேட்க நியாயமாகத் தோன்றும். என் கணக்கில் இதுதான் மோசமான வழி. 100 பவுண்டில் முன் டயர் இரண்டும் சேர்ந்து தாங்குவது சுமார் 5.2 டன். மேலே இருப்பது 6 டன். 800 கிலோ கூடுதல் சுமையோடு மணிக்கு அறுபதில் ஓடுகிறது. பின்னால் எட்டும் சேர்ந்து 18.8 டன், கிட்டத்தட்டச் சரி. மண்ணிலோ 100 பவுண்டால் பெரிய லாபம் ஒன்றும் தெரியாது. புதைகிற இடத்தில் புதையத்தான் செய்யும். சாலையில் நட்டம், மண்ணில் லாபமும் இல்லை.

மூன்றாவது, ஆக்சிலின் சுமைக்கு ஏற்றபடி முன்னால் 120, பின்னால் 105. குவாரி மாதங்களுக்கு நான் இதில்தான் நிற்கிறேன். ஒரு பைசா செலவில்லை. எடை மேடையில் ஒரு முறை முன்னும் பின்னும் தனித்தனியாக எடை பார்த்தால் போதும்.

குவாரிப் பாறையில் காற்றைக் குறைக்கலாமா?

இதில் ஓட்டுநர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. காற்றைக் குறைத்தால் டயர் கல்லை அணைத்துக்கொண்டு போகும், குத்தாது என்பார்கள் சிலர். பட்டன் பகுதியை, அதாவது சாலையில் படும் மேல் ரப்பரை மட்டும் பார்த்தால் அது உண்மைதான். ஆனால் காற்று குறைந்த டயர் பக்கவாட்டில் பிதுங்குகிறது. உடைத்துப் போட்ட கருங்கல்லின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். பட்டனில் விழும் வெட்டுக்கு ஒட்டுப் போடலாம், காசிங் (டயரின் உடல்) நன்றாக இருந்தால் மேலே புது ரப்பர் ஒட்டும் ரீட்ரெட் வரைக்கும் போகலாம். பக்கவாட்டில் ஆழமாக வெட்டினால் அந்த டயர் அன்றோடு முடிந்தது. என் வண்டியில் குவாரியில் போன டயர்களில் மூன்று பக்கவாட்டு வெட்டில்தான் போயின. அதனால் பாறைப் பாதைக்கு என் முடிவு, சாலைக்கு வைத்த காற்றே இருக்கட்டும், வேகத்தை மட்டும் குறைக்க வேண்டும். அந்த இரண்டு கிலோமீட்டரை மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் போனால் என்ன குறைந்துவிடும்?

குவாரியை விட்டு வெளியே வந்ததும் ஒரு நிமிடம் நிறுத்தி இரட்டை டயரின் நடுவில் குனிந்து பார்க்கச் சொல்கிறேன். தேங்காய் அளவுக் கல் ஒன்று இரண்டுக்கும் நடுவே இறுகிக்கொண்டிருக்கும். அதை லிவரால் நெம்பி எடுக்காமல் நெடுஞ்சாலைக்குப் போனால் இரண்டு டயரையும் அரைத்துவிடும். வேகத்தில் தெறித்தால் பின்னால் பைக்கில் வருபவரின் உயிருக்கே ஆபத்து.

ஏரி வண்டல்: இங்கேதான் காற்றைக் குறைக்க வேண்டும்

மெதுமண்ணில் கணக்கு முற்றிலும் மாறுகிறது. டயருக்குள் எவ்வளவு அழுத்தமோ, ஏறத்தாழ அவ்வளவு அழுத்தத்தைத்தான் டயர் தரைமேல் கொடுக்கிறது. 120 பவுண்டு என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 8.4 கிலோ. 80 பவுண்டு என்றால் 5.6 கிலோ. அதே சுமையைக் குறைந்த அழுத்தத்தில் தாங்க, டயர் தரையில் நீளமாகப் படுத்துக்கொள்கிறது. மேலே காய்ந்து பாளம் பாளமாக வெடித்து, ஒரு முழத்துக்குக் கீழே இன்னும் ஈரம் காயாத ஏரி மண்ணில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். 105-இல் வந்த வண்டி பதித்த தடத்தில் என் முழங்கை வரைக்கும் போயிற்று. 80-இல் அதே வண்டி, அதே இடத்தில் ஒரு சாண். தடம் ஆழமானால் டீசலும் போகும், கிளட்சும் போகும், அடுத்த நடைக்குப் பாதையும் இருக்காது.

இது புதிதாக யாரும் கண்டுபிடித்ததும் இல்லை. 1930-களிலேயே பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ரால்ஃப் பாக்னால்ட் லிபியப் பாலைவன மணற்குன்றுகளை டயர் காற்றைக் குறைத்துத்தான் கடந்தார். 1942-இல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த டக் (DUKW) என்ற நீரிலும் நிலத்திலும் ஓடும் லாரியில், ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே டயர் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. கடற்கரை மணலில் ஏறும்போது குறைப்பார்கள், சாலைக்கு வந்ததும் ஏற்றுவார்கள். பிறகு சோவியத் நாட்டின் சில்-157 லாரியிலும் அதே வசதி வந்தது. அமெரிக்க வனத்துறை மரம் ஏற்றும் லாரிகளில் இதைச் சோதித்து, காற்று குறைந்த டயர் காட்டுப் பாதையைக் குறைவாகச் சிதைக்கிறது, மழையில் பாதை மண் ஓடைக்குக் கரைந்து போவதும் குறைகிறது என்று கண்டது.

ஆனால் 80-க்கு இறக்கிவிட்டு 15 டன் ஏற்றினால் டயரைக் கொன்றுவிடுவோம். 80 பவுண்டில் பின் டயர் ஒவ்வொன்றும் தாங்குவது சுமார் 1,970 கிலோ. எட்டும் சேர்ந்தால் 15.8 டன். முழு லோடில் பின்னால் இருப்பது 19. அதனால் காற்றைக் குறைக்கும்போது லோடையும் நான்கு டன் குறைக்கிறேன். பொக்லைன் ஓட்டுபவரிடம், "அண்ணா, ரெண்டு பக்கெட் கம்மியாப் போடுங்க" என்று காலையிலேயே சொல்லிவிடுவது வழக்கம். முன் ஆக்சிலில் அப்போது 5.4 டன்னுக்குள் இருக்கும், அதற்கு 105 போதும். முன்னால் 105, பின்னால் 80. இந்தச் சுமைக்கு இந்தக் காற்று சாலைக்கும் சரிதான் என்பதால், நடுவில் வரும் இரண்டு மூன்று கிலோமீட்டர் தார்ச்சாலையில் பயமில்லாமல் போகலாம். இருந்தாலும் முப்பதைத் தாண்ட விடுவதில்லை.

நடைக்கு நான்கு டன் குறைகிறதே என்று வருத்தம் வரும். எனக்கும் வந்தது. புதைந்த வண்டியை டிராக்டர் கட்டி இழுத்துக் காத்திருந்த நேரத்தை எண்ணிப் பார்த்தால், குறைத்து ஏற்றியபோது ஒரு நாளைக்கு இரண்டு நடை கூடுதலாக ஓடியது.

எவ்வளவு தூரம் குறைக்கலாம் என்பதை எண்ணைவிட இரட்டை டயர் சொல்லிவிடும். லோடு ஏற்றிய பிறகு பின்னால் குனிந்து, டயர் தரையைத் தொடும் இடத்தில் உள் டயருக்கும் வெளி டயருக்கும் நடுவில் பாருங்கள். வெளிச்சம் தெரிய வேண்டும். இரண்டின் பிதுக்கமும் உரசிக்கொண்டால் கொஞ்ச தூரத்திலேயே சூடேறி ரப்பர் தீய்ந்த வாசனை வரும். டயர் தீப்பிடிப்பது இப்படியும்தான். டியூப் டயர்க்காரர்களுக்கு இன்னொரு கவலை. காற்று ரொம்பக் குறைந்தால் டயர் ரிம்மின்மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். டியூப் அதோடு சேர்ந்து நகர, வால்வு ரிம்மின் ஓட்டையிலேயே நிற்க, கடைசியில் வால்வு அடியோடு பிய்ந்துவிடும். அதனால் டியூப் டயரில் 80-க்குக் கீழே நான் போவதில்லை. டியூப்லெஸ் வண்டிக்கு இந்த ஆபத்து இல்லை.

மழைக்காலச் சைட் களிமண்ணுக்கு ஒரே விதி கிடையாது. மேலே நாலு விரல் சேறு, கீழே கெட்டித்தரை என்றால் 105 பவுண்டு டயர் சேற்றை வெட்டிக்கொண்டு கீழே பிடித்துவிடும், குறைத்தால் மிதந்து வழுக்கும். அடி வரைக்கும் சேறு என்றால் வண்டியை உள்ளே விடாமல் ரோட்டோரத்திலேயே கொட்டிவிடுவது நல்லது.

தினமும் காற்றை இறக்கி ஏற்றுவது

"குவாரிக்குள் குறை, வெளியே வந்ததும் ஏற்று" என்ற யோசனையை ஒரு வாரம் செய்து பார்த்தேன். இறக்குவது சுலபம். ஏற்றுவதுதான் பாடு. வண்டியின் ஏர் டேங்கில் இருந்து ஹோஸ் இழுத்து 80-இல் இருந்து பின் டயர் எட்டையும் 105-க்குக் கொண்டுவர முக்கால் மணி நேரம் ஆனது. பிரேக்குக்கான காற்றே சுமார் 8 பார், அதாவது 116 பவுண்டு அளவில்தான் நிற்கும். அதை வைத்து முன் டயருக்கு 120 ஏற்றவே முடியாது. ஒரு நாளைக்கு நாலு நடை அடிக்கும் வண்டிக்கு இது ஒத்துவராது. ஒரு தரையில் வாரக்கணக்கில் வேலை இருந்தால் மட்டும் மாற்றுவதுதான் நடைமுறை.

ஓடும்போதே காற்றைக் கூட்டிக் குறைக்கும் கருவியைப் பொருத்தினால் இந்தப் பாடு இல்லை. லோடுக்கு ஒன்று, எம்ட்டிக்கு ஒன்று, மண்ணுக்கு ஒன்று என்று பட்டனை அழுத்தினால் போதும். பாதிக்கு மேல் மண்ணில் ஓடும் பெரிய சுரங்க வண்டிக்கு, மரம் ஏற்றும் வண்டிக்கு அது தகும். இரண்டு கிலோமீட்டர் மண்ணும் ஐம்பது கிலோமீட்டர் தாரும் ஓடும் என் மாதிரி வண்டிக்கு அந்தப் பணத்தில் நல்ல டயராக வாங்கிப் போட்டுவிடுவேன். நைட்ரஜன் பற்றியும் கேட்கிறார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், சூட்டில் இரண்டும் ஒரே மாதிரிதான் விரியும். வாரம் ஒரு முறை காற்றைச் சரிபார்ப்பவருக்கு அதனால் பெரிய வித்தியாசம் இல்லை.

எண்ணைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது

பரமத்தி பக்கத்தில் ஒரு மே மாத மதியம், லோடோடு போகும்போது இடது பின் வெளி டயர் வெடித்தது. கழற்றிப் பார்த்தால் அது குற்றவாளியே இல்லை. அதன் ஜோடியான உள் டயரில் வால்வு வழியாகக் காற்று மெல்லக் கசிந்து 60-க்கு வந்திருந்தது. அதன் சுமையையும் சேர்த்து இது சுமந்து சூடேறி வெடித்திருக்கிறது. காலையில்தான் கிளீனர் பையன் லிவரால் எல்லா டயரையும் தட்டிப் பார்த்திருந்தான். அன்று சாயங்காலம் நானே சோதித்தேன். ஒரு டயரை 120-இலும் இன்னொன்றை 95-இலும் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு தட்டச் சொன்னேன். இரண்டும் ஒரே "டங்". முழுதாக இறங்கிய டயரைத்தான் சத்தம் காட்டிக்கொடுக்கும். 20 சதவீதம் குறைந்ததை அது சொல்லாது. அமெரிக்க டயர் தொழிலில், வைக்க வேண்டிய அளவைவிட 20 சதவீதம் குறைந்து ஓடிய டயரை, காற்றே இல்லாமல் ஓடிய டயராகக் கருதிக் கழற்றி உள்ளே சோதிக்க வேண்டும் என்பது விதி. நம்மூரில் அப்படியே காற்றை ஏற்றிவிட்டுப் போகிறோம். லாக் ரிங் (டயரை ரிம்மில் பிடித்து வைக்கும், தெறிக்கக்கூடிய இரும்பு வளையம்) போட்ட ரிம்மில் அது உயிரோடு விளையாடும் காரியம். காற்று ஏற்றும்போது எதிரே நிற்கவே கூடாது.

அதனால் காற்றளக்கும் கேஜ் கட்டாயம் வேண்டும். உள் டயரின் வால்வுக்கு நீட்டிப்புக் குழாய் போட்டால், படுத்துக் கையை நுழைக்காமல் வெளியில் இருந்தே பார்க்கலாம். வால்வு மூடிக்குப் பதில் திருகி மாட்டும் சென்சாரும் கிடைக்கிறது. பத்து டயருக்கும் மாட்டி டேஷ்போர்டில் எண்ணைக் காட்டும். மேலே சொன்ன எல்லாச் செலவிலும் யோசிக்காமல் செய்யச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

அப்புறம், பார்க்கும் நேரம். காலை ஐந்து மணிக்கு, வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு பார்க்க வேண்டும். 30 டிகிரியில் 120 இருந்த டயர், ஓடி 70 டிகிரி சூடேறினால் 138 காட்டும். அது இயல்பு, டயர் அதற்குத் தயாராகத்தான் செய்யப்பட்டிருக்கிறது. ஒரு முறை எங்கள் ஓட்டுநர் மதியம் இரண்டு மணிக்கு டோல்கேட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி, "காத்து ஏறிப்போச்சுங்க" என்று முன் டயரில் 18 பவுண்டு இறக்கிவிட்டார். மறுநாள் காலை கேஜ் வைத்தால் 104. அந்த டயரோடு ராத்திரி எண்பது கிலோமீட்டர் லோடு அடித்திருக்கிறார். நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை.

இப்போது மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டில் முன்னால் 120, பின்னால் 105 என்று எழுதியிருக்கிறேன். வண்டல் மாதங்களில் அதன் கீழே சாக்பீஸில் 105, 80 என்று கிளீனர் பையன் எழுதிவிடுவான். ஏரி வேலை முடிந்து கிரஷருக்குத் திரும்பும் அன்று, வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால் பத்து டயரிலும் காற்றை ஏற்றி, கேஜ் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அந்தச் சாக்பீஸ் எழுத்தை அழிக்க வேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.